கணித மேதை ராமானுஜனும் என் காப்பிக் கணக்கும்



நம் மலரில் வருடா வருடம் யாராவது ஒரு மேதையின் வரலாறு வருவது வழக்கம். இந்த முறை அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 32 வயதில் கண்ணை மூடிய சீனிவாச ராமானுஜனைப் பற்றி எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர் யார், புதிதாக என்ன சொல்லப்போகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் போன காப்பி சீசனில் எனக்கு ஒரு சம்பவம் நடந்தது. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையைப் படித்தபோது எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. ஆகவே அவர் கதையோடு என் கதையும் கொஞ்சம் கலந்து வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் ஏற்காட்டுக்கு மேலே, சேர்வராயன் கோயில் போகிற பக்கம். அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். வாரக் கடைசியில் சேலத்திலிருந்து பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் தூங்க ஆரம்பித்து இருபதாவது வளைவில் விழிக்கிற ஆள் நான். இந்த 20 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22ல் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டன் வீட்டில் பிறந்தார். அப்பா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுகிறவர். குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். 1997 வரை நாமக்கல் நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதால் அந்தத் தாயாரிடம் நமக்கும் ஒரு உரிமை உண்டு! இரண்டு வயதில் ராமானுஜனுக்குப் பெரியம்மை வந்தது. தஞ்சை ஜில்லாவில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட வருடம் அது. அவர் பிழைத்தார். 1897ல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம். லோனி எழுதிய முக்கோணவியல் புத்தகத்தை, நாம் பயப்படுகிறோமே அதே முக்கோணவியல், 13 வயதுக்குள் கரைத்துக் குடித்துவிட்டார்.

1903ல் அவர் கைக்கு வேறொரு புத்தகம் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் பரீட்சைக்குப் படிக்கிற மாணவர்களுக்கு டியூஷன் எடுத்த கார் என்பவர் தொகுத்தது. சுமார் 5000 சூத்திரங்கள், தேற்றங்கள். வரிசையாக நம்பர் போட்டு விடைகளாகவே அடுக்கி வைத்திருப்பார். நிரூபணம் என்பது பெரும்பாலும் கிடையாது, இருந்தாலும் ஒரு வரி, அரை வரி. நம்ம ஊர் கைடு புத்தகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். வேறு யாராவது என்றால் மனப்பாடம் செய்திருப்பார்கள். ராமானுஜன் ஒவ்வொன்றுக்கும் தானே வழி கண்டுபிடித்தார். கண்டுபிடித்த வேகத்தில் புத்தகத்தைத் தாண்டியும் போய்விட்டார். ஆனால் கணக்கு எழுதும் பழக்கம் அந்தப் புத்தகத்திடமிருந்தே ஒட்டிக்கொண்டது. காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், கடைசி விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். அவருடைய நோட்டுகளில் ஆயிரக்கணக்கான விடைகள் நிற்கின்றன. வழி முழங்கையோடு போய்விட்டது.

கல்லூரியில் என்ன ஆயிற்று என்பது நம்மில் பலருக்கு ஆறுதலான விஷயம். நம்ம பாஷையில் சொன்னால் அரியர் வைத்தவர்! கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். 1905ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் பாடம் காலை வாரியது. எஃப்.ஏ. பரீட்சையில் 1906லும் தோல்வி, 1907லும் தோல்வி. 1909ல் ஜானகியோடு கல்யாணம். கையில் வேலை இல்லை, பட்டம் இல்லை, நோட்டு மட்டும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். 1910ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர் அதைப் பார்த்து அசந்து போனார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் இவர்தான். அவர் கைகாட்ட, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912 மார்ச் 1ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது.

இதற்கு நடுவே 1911ல் அவருடைய முதல் பெரிய கட்டுரை அந்தக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பெர்னூலி எண்களைப் பற்றியது. 1 முதல் n வரை கூட்டினால் n(n+1)/2 என்று படித்திருக்கிறோம். வர்க்கங்களைக் கூட்ட ஒரு சூத்திரம், கனங்களைக் கூட்ட ஒரு சூத்திரம். இப்படி எத்தனையாவது அடுக்கானாலும் கூட்டுவதற்கு வேண்டிய பின்னங்கள்தான் பெர்னூலி எண்கள். கணிப்பொறித் துறைக்காரர்களுக்கு ஒரு செய்தி: உலகின் முதல் புரோகிராம் என்று சொல்லப்படுவதும் இதே எண்களைக் கணக்கிட எழுதப்பட்டதே. 1843ல் அடா லவ்லேஸ் அம்மையார் வெளியிட்டார். அச்சான அந்த அட்டவணையில் ஓரிடத்தில் வகுத்தல் தலைகீழாக இருக்கிறது. ஆக முதல் புரோகிராம் பிறக்கும்போதே பிழையும் கூடப் பிறந்துவிட்டது.

ராமானுஜன் தன் கட்டுரையில் ஒன்று சொல்கிறார். இரட்டைப்படை வரிசை எண் n ஐ எடுத்து, அதற்குரிய பெர்னூலி எண்ணை nஆல் வகுத்துச் சுருக்கினால் மேலே நிற்கும் எண் பகா எண்ணாக இருக்கும் என்பது அது. 1ஐயும் அதில் சேர்த்துக்கொண்டால் சரியாகத்தான் வருகிறது. 2, 4, 6, 8, 10 வரை மேலே 1. 12க்கு 691, பகா எண். 14க்கு மறுபடி 1. 16க்கு 3617, பகா எண். 18க்கு 43867, அதுவும் பகா எண். ஒன்பது முறை சரி! 20க்கு வாருங்கள். 174611. பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கிறது. ஆனால் 283ஐ 617ஆல் பெருக்கிப் பாருங்கள், இதே எண் வரும். பத்தாவது சோதனையில் கூற்று விழுந்துவிட்டது.

ராமானுஜனே இருபதாவது வளைவில் சறுக்கியிருக்கிறார் என்று இதைப் படித்த அன்று பஸ்ஸில் நான் சிரித்தேன். அடுத்த நிமிஷமே சிரிப்பு நின்றுவிட்டது. என் கதையும் அதேதான்.

போன வருடம் ப்ராஜெக்டுக்காக ஒரு தோட்டத்துக்குக் கூலிக் கணக்கு புரோகிராம் செய்தேன். செய்தேன் என்பது பெரிய வார்த்தை. ஒரு ஏஐ கருவியிடம் கேட்டேன். யார் எத்தனை கிலோ பழம் பறித்தார்கள் என்று தினமும் பதிவது, வாரக் கடைசியில் கூலியைக் கூட்டிப் பட்டியல் போடுவது, இவ்வளவுதான். 300 வரிக்கு மேல் ஒரே மாலையில் எழுதிக் கொடுத்தது. நான் ஒன்பது பேர் பெயரைப் போட்டுப் பார்த்தேன், பைசா சுத்தமாக விடை வந்தது. தோட்டத்தில் கொடுத்துவிட்டு ராஜா மாதிரி திரிந்தேன். எங்கள் ஊரில் சாமி பெயரையே பிள்ளைகளுக்கு வைப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர், மூன்று பேர் இருப்பது சகஜம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தக் கருவிக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. அது பெயரையே அடையாளமாக வைத்து எழுதியிருந்தது. அதே பெயரில் இரண்டாவது ஆள் எடை வந்தால் முதல் ஆளின் எடையை அழித்துவிட்டு அதன் மேல் எழுதும். பிழை என்று எந்தச் செய்தியும் திரையில் வராது.

கூலி நாளன்று பட்டியலில் ஒரு பெயர் ஒரு தடவைதான் வந்தது. அந்தப் பெயருள்ள இளம்பெண் போய் வாங்கிக்கொண்டாள். அதே பெயருள்ள பெரியம்மா ஒருவர், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், கடைசி வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் வேலைக்கே வரவில்லை. அம்மா போய் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வயதாகிவிட்டது, பறிப்பது போதவில்லை, முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டுப் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்! நல்லவேளையாகக் கணக்கப்பிள்ளை பழக்க தோஷத்தில் பழைய நோட்டிலும் எழுதி வந்திருந்தார். அதில் இரண்டு பெயருக்கும் பக்கத்தில் மேலூர், கீழூர் என்று குறித்திருந்தது. அன்று சாயந்திரமே பணம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நானும் கூடப் போனேன். பெரியம்மா எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அந்தக் காப்பி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

சரி, ராமானுஜனுக்கு வருவோம்.

1913 ஜனவரி 16 அன்று துறைமுகக் குமாஸ்தா கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். உள்ளே 100க்கு மேற்பட்ட சூத்திரங்கள். பெரும்பாலும் நிரூபணம் இல்லை. ஹார்டி தன் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை. சில புதியவை, நம்ப முடியாதவை. சில தப்பு. தப்பானதில் முக்கியமானது பகா எண்கள் பற்றியது. ஒரு எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்று சொல்ல ராமானுஜன் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். கையால் சரிபார்க்கக்கூடிய எண்களுக்கு அது அபாரமாகப் பொருந்தியது. ஆனால் பிழை எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் நம்பியது சரியல்ல. சீட்டா சார்பின் சிக்கலெண் பூச்சியங்களை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. இதே துறையில் அன்றுவரை போட்டுப் பார்த்த எல்லா எண்ணுக்கும் சரியாக வந்த இன்னொரு நம்பிக்கையை 1914ல் லிட்டில்வுட் உடைத்துக் காட்டினார். எந்த மேசையிலும் எழுதிப் பார்க்க முடியாத அளவு பெரிய எண்களுக்குப் போனால் அது மாறிவிடும் என்று நிரூபித்தார்.

ஹார்டி பதில் எழுதினார். பாராட்டினார், கூடவே நிரூபணம் கேட்டார். அடுத்த கடிதத்திலும் கேட்டார். ராமானுஜனுக்கு இது சங்கடமாக இருந்திருக்கிறது. வழியைச் சொன்னால் அதைப் புரிந்துகொள்ளாமல் விடையையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். வழி என்பது தனக்குத் தெரிகிற மாதிரி மற்றவருக்குச் சொல்ல வராத கஷ்டம் மறு பக்கம். இது எனக்கு நன்றாகப் புரிகிறது, ஆனால் மகா கேவலமான முறையில். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் ஒரு வரியைக் காட்டி இது ஏன் என்று கேட்டார்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ராமானுஜனுக்கு வழி தெரியும், சொல்ல வரவில்லை. எனக்கு வழியே தெரியாது. அவரையும் அந்தக் கருவியையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படி வைத்தால் நாமகிரித் தாயார் என்னை மன்னிக்க மாட்டாள்.

சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கடல் தாண்ட வீட்டில் சம்மதமில்லை. நாமகிரித் தாயார் கனவில் வந்து கோமளத்தம்மாளுக்கு உத்தரவு கொடுத்ததாகச் சொல்வார்கள். 1914 மார்ச் 17ல் நெவாசா கப்பலில் ஏறினார். கேம்பிரிட்ஜில் ஹார்டி ஒரு பெரிய காரியம் செய்தார். நிரூபிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார், ஆனால் அவருடைய வேகம் கெட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார். ராமானுஜனும் அந்த வயதில், அந்தக் குளிரில், தானே பொங்கித் தின்றுகொண்டு கற்றுக்கொண்டார். 1916ல் பட்டம் வாங்கினார்.

அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எண்களைப் பிரித்து எழுதும் கணக்கு. 4ஐ எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 200ஐ? இதற்கு ஒரு சூத்திரம் கண்டார்கள், 1918ல் வெளியானது. சூத்திரம் சரியா என்று எப்படித் தெரியும்? மேக்மஹோன் என்ற பழைய ராணுவ அதிகாரி 200 வரை எல்லாவற்றையும் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டார். 200க்கு அவர் விடை 3,972,999,029,388. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் அதே எண், தசமத்துக்குப் பிறகு .004 மட்டும் கூடுதல்! நம்ம கணக்கப்பிள்ளையின் நோட்டு ஞாபகம் வருகிறதா?

ஆனால் அந்த அட்டவணையே ராமானுஜனை ஒரு இடத்தில் ஏமாற்றியும் விட்டது. அதை உற்றுப் பார்த்துத்தான் 5, 7, 11 ஆகியவற்றால் வகுபடும் அழகான ஒழுங்குகளைக் கண்டார். சிலவற்றை நிரூபித்தார். அதையே 5, 7, 11 இவற்றின் எல்லா அடுக்குகளுக்கும் விரித்து ஒரு பொது விதியாக ஊகித்தார். 200 வரை உள்ள அட்டவணையில் ஒரு இடத்திலும் பிசகில்லை. பிறகு நம் நாட்டவரான ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையைக் கையாலேயே 300 வரை நீட்டினார். 1934ல் சௌலா அதில் 243ஐப் பார்த்தார். விதிப்படி 343ஆல் வகுபட வேண்டும். 49ஆல் வகுபடுகிறது, 343ஆல் வகுபடவில்லை. விதி 7க்கு மட்டும் திருத்தப்பட வேண்டியதாயிற்று. 1938ல் வாட்சன் 5, 7 இரண்டுக்கும் நிரூபித்தார். 11க்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு இந்தியர்கள் பொறுமையாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்திராவிட்டால் அந்தப் பிழை இன்னும் எத்தனை வருடம் ராமானுஜன் என்ற பெயருக்காகவே மரியாதையோடு நின்றிருக்குமோ!

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1914ல் அவர் பை என்ற எண்ணுக்கு விசித்திரமான சூத்திரங்கள் வெளியிட்டார். 1985ல் அமெரிக்காவில் காஸ்பர் என்பவர் அதில் ஒன்றைக் கணிப்பொறியில் போட்டு சுமார் 1 கோடியே 75 லட்சம் இலக்கங்கள் கணக்கிட்டார். அப்போது அந்தச் சூத்திரத்துக்கு முழு நிரூபணம் கிடையாது. ஜப்பானியர்கள் வேறு வழியில் கணக்கிட்டு வைத்திருந்த இலக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தே நம்பினார். 1987ல் போர்வைன் சகோதரர்கள் நிரூபணத்தை வெளியிட்டார்கள். தெரியாத வழியில் வந்த விடையைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காஸ்பர் ஒப்பிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஏஐ வைத்து வேலை செய்தால் வேகம் கூடும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. 2025ல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு அனுபவமுள்ள 16 புரோகிராமர்களை அவர்கள் நெடுநாள் பழகிய புரோகிராம்களிலேயே வேலை செய்யவிட்டுப் பார்த்தது. ஏஐ உபயோகித்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. வேடிக்கை என்னவென்றால், முடித்த பிறகும் அவர்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நினைத்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கருவிகள் சில சமயம் உலகத்தில் இல்லவே இல்லாத பேக்கேஜின் பெயரை இருப்பதாக எழுதிக் கொடுக்கும். அந்தப் பெயரில் எவனாவது விஷமி ஒன்றைச் செய்து இணையத்தில் போட்டு வைத்தால், நாம் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிக்கொள்வோம். லேபில் இதைக் கவனியுங்கள், நண்பர்களே. என் புரோகிராமில் பிழையைச் சொல்லித் திருத்தக் கேட்டபோது அது மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. வேறொன்று கெட்டது. அதைத் திருத்தச் சொன்னேன். மூன்றாவது முறை பழைய பிழையே திரும்பி வந்து உட்கார்ந்தது. மனிதன் என்றால் முகத்தைப் பார்த்தாவது சந்தேகம் வரும். இது ஒவ்வொரு தடவையும் அதே தைரியத்தோடு சொன்னது.

1917ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். யுத்த காலம், சைவச் சாப்பாட்டுக்குக் காய்கறியே கிடைக்காத நேரம். ஆஸ்பத்திரியில் கிடக்கையில் ஹார்டி வந்த டாக்சியின் 1729 என்ற நம்பரைப் பற்றி அவர் சொன்னது உங்கள் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். 1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே வருடம் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ. 1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். காவிரிக் கரையில் கொடுமுடியில் கொஞ்ச நாள் இருந்தார். எங்கள் மலையிலிருந்து வானம் தெளிவான நாளில் மேட்டூர் அணைத் தண்ணீர் மினுங்குவது தெரியும். அந்தத் திசையைப் பார்க்கும்போது, அதே ஆற்றின் ஓரத்தில் கொஞ்சம் கீழே அவர் காய்ச்சலோடு உட்கார்ந்து எழுதியதை நினைத்துக்கொள்வேன். 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம். போலித் தீட்டா சார்புகள் என்ற முற்றிலும் புதிய விஷயம். ஏப்ரல் 26ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். ஜானகி அம்மாள் தையல் வேலை கற்று, திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, 1994ல் மறைந்தார்.

அவருடைய நோட்டுகளை ஒவ்வொரு வரியாக நிரூபித்து முடிக்க மற்றவர்களுக்கு முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. ப்ரூஸ் பெர்ண்ட் ஐந்து பாகங்களாக 1985 முதல் 1998 வரை வெளியிட்டார். 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி நூலகத்தில் கண்டெடுத்த கடைசி வருடத் தாள்கள் தனி. ஆயிரக்கணக்கில் பார்த்ததில் தவறு மிகச் சிலதான். அந்தச் சிலது எது என்று தெரிய எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது.

என் புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். கருவியிடம் கேட்பதை நிறுத்தவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வாய்விட்டு விளக்க முடியாத வரி எதையும் வைத்துக்கொள்வதில்லை. கணக்கப்பிள்ளை தன் பழைய நோட்டுகள் நாலைக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பெயர்களை அடையாளம் சொல்ல, நான் ஒவ்வொரு நாள் எடையாகப் போட்டு ஒப்பிடுகிறேன். இரண்டு நோட்டு முடிந்தது. மூன்றாவதில், ஒரே நாளில், அந்தப் பெரியம்மா பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள்.